லாவனத்தின் கோணல் வீடுகள் ஏன் விழவில்லை?

அடுத்த மாதம் லண்டன் வரும்போது ஒரு நாள் ஒதுக்கி, சஃபோக் பகுதியில் இருக்கும் லாவனம் ஊரைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். கூடவே மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். படங்களில் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றனவே, எப்படி விழாமல் இருக்கின்றன? மரமும் மண்ணும் வைத்துக் கட்டியது 500 ஆண்டு எப்படித் தாங்கியது? இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு அவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு?

நான் கட்டுமானப் பொறியாளன். கிழக்கு இங்கிலாந்தில் பழைய மரச்சட்ட வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். லாவனத்துக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கு இல்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். தேவாலயத்துக்கும் வீடுகளுக்கும் பணம் வந்தது ஒரே இடத்திலிருந்துதான். கம்பளித் துணி.

1257இல் சந்தை கூட்டுவதற்கு அரசரிடம் அனுமதி வாங்கிய ஊர் இது. அடுத்த இரண்டு நூற்றாண்டில் கனமான, அகலமான கம்பளித் துணி நெய்வதில் பெயர் எடுத்தது. குறிப்பாக நீலம். ‘லாவனம் நீலம்’ என்றே அந்தத் துணிக்குப் பெயர். சாயம் வோடு என்ற செடியின் இலையைப் புளிக்க வைத்து எடுத்தது. நம் அவுரியில் இருக்கும் அதே நீலப்பொருள்தான் வோடு இலையிலும் இருக்கிறது, அளவுதான் மிகக் குறைவு. பின்னாளில் இந்தியாவிலிருந்து அவுரி கப்பல் கப்பலாக வந்திறங்கியதும் ஐரோப்பாவில் வோடு சாகுபடி ஒடுங்கிப்போனது. ஆனால் அதற்கு முன்பே லாவனத்தின் நல்ல காலம் முடிந்துவிட்டது.

இந்தத் தொழிலை நடத்தியவர்கள் துணி வணிகர்கள். அவர்களே கம்பளியை மொத்தமாக வாங்கி, சிக்கெடுக்க ஒரு வீடு, நூற்க ஒரு வீடு, நெய்ய ஒரு வீடு என்று கூலிக்குக் கொடுத்து, சாயமேற்றி, வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சுற்றுவட்டார கிராமங்கள் முழுக்க இவர்களுக்காக நூற்றன, நெய்தன. லாபம் மட்டும் லாவனத்துக்கு வந்து சேர்ந்தது. 1524இல் எடுத்த வரிக் கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் லாவனத்துக்கு 14ஆம் இடம். யார்க், லிங்கன் போன்ற பெரிய நகரங்களைவிடக் கூடுதலாக வரி கட்டியது. இன்று ஊரைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் போதும் என்பதை வைத்து இதை யோசித்துப் பாருங்கள்.

அந்த வணிகர்களில் பெரிய ஆள் தாமஸ் ஸ்பிரிங். அதே பெயரில் அந்தக் குடும்பத்தில் மூன்றாவது தலைமுறை, ‘பணக்கார வணிகர்’ என்றே பட்டப்பெயர். ஊரின் நிலவுடைமையாளர் ஆக்ஸ்போர்டு பிரபு ஜான் டி வேர். 1485இல் பாஸ்வொர்த் போரில் ஏழாம் ஹென்றியின் முன்படையை நடத்திச் சென்றவர் அவர். போர் ஜெயித்தது, ஹென்றி அரசரானார், டி வேரும் இழந்த செல்வாக்கைத் திரும்பப் பெற்றார். அதையொட்டித்தான் லாவனத்தின் தூய பேதுரு, தூய பவுல் தேவாலயத்தைப் பெரிதாக எடுத்துக் கட்டும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 40 ஆண்டு நடந்தது. பிரபுவின் பணமும் வணிகர்களின் பணமும் சேர்ந்து எழுப்பியது. 1523இல் ஸ்பிரிங் இறந்தபோது கோபுரத்தை முடிக்க உயிலில் 200 பவுண்டு எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது ஒரு பெருந்தொகை.

கோபுரத்தின் உயரம் 141 அடி. சுற்றிலும் வயல்கள், சிறு மேடுகள். பல மைல் தள்ளி வரும்போதே கண்ணில் படும். கிட்டப் போனதும் அண்ணாந்து பார்க்காதீர்கள், முதலில் அடியைப் பாருங்கள். அடிமட்டத்துக் கல்லில் இரண்டு குறிகள் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கும். ஒன்று ஐந்து முனை நட்சத்திரம், டி வேர் குடும்பச் சின்னம். இன்னொன்று கோடும் வளைவுமாக ஒரு குறி. அது ஸ்பிரிங்கின் வணிகக் குறி, துணி மூட்டை யாருடையது என்று காட்டுவதற்குப் போடுவது. துறைமுகத்தில் மூட்டைமேல் இருந்த அடையாளத்தைப் பிரபுவின் நட்சத்திரத்துக்குச் சமமாகக் கோபுரத்தில் வெட்ட வைத்திருக்கிறார். அந்த ஊரில் அப்போது யார் கை ஓங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. தெற்கு வாசல் மண்டபத்தில் காட்டுப்பன்றி உருவங்கள் இருக்கும். அவையும் டி வேர் சின்னம்தான். காட்டுப்பன்றிக்கு லத்தீனில் ‘வெர்ரெஸ்’, அதில் குடும்பப் பெயர் ஒலிக்கிறது.

சஃபோக்கில் கட்டடத்துக்கு உதவும் நல்ல கல் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல் மட்டும். முட்டை முட்டையாக, வெளியே வெள்ளைத் தோலும் உள்ளே கண்ணாடி போன்ற கரும்பளபளப்பும் இருக்கும். அதை ஒரு தட்டு தட்டி உடைத்து, உடைந்த முகம் வெளியே தெரியும்படி பதிப்பார்கள். இடையிடையே வெளியூரிலிருந்து வண்டியில் வந்த வெளிர்நிறச் சுண்ணக்கல்லை வெட்டி, இரண்டையும் ஒரே மட்டமாக இழைத்துப் பூவேலை செய்வார்கள். மழை நின்ற கையோடு போனால் அந்தச் சிக்கிமுக்கிக் கற்கள் ஈரத்தில் மின்னும்.

உள்ளே போனதும் ஒன்றைக் கவனியுங்கள். மக்கள் உட்காரும் நடுக்கூடம் உயரமாக, இரண்டு வரிசை ஜன்னலோடு வெளிச்சமாக இருக்கும். பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதி அதைவிடத் தாழ்ந்திருக்கும். அது முந்தைய கோவிலின் மிச்சம், 14ஆம் நூற்றாண்டு வேலை. பணம் வந்தபோது மற்றதை எல்லாம் இடித்துக் கட்டியவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தப் பகுதியின் தரையில் ஒரு சிறிய பித்தளைத் தகடு பதித்திருக்கும். அவசரத்தில் மிதித்துக்கொண்டு போய்விடுவோம். துணியில் இறுகச் சுற்றிய ஒரு கைக்குழந்தையின் உருவம் அது. பெயர் கிளாப்டன், சைமண்ட்ஸ் டியூஸ் என்ற அறிஞரின் மகன், 1631இல் பிறந்து சில நாளிலேயே இறந்தது. 141 அடிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்தச் சிறு தகடு என்னவோ செய்யும். எனக்கு ஒவ்வொரு முறையும் செய்கிறது.

கோபுரத்தில் எட்டு மணிகள். மிகப் பெரிய மணி 1625இல் கால்செஸ்டர் ஊர் மைல்ஸ் கிரே வார்த்தது, ஏறத்தாழ ஒரு டன் எடை. மணியடிப்பவர்கள் மத்தியில் அதன் நாதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஆண்டுதோறும் ஜூன் 21ஐ ஒட்டி அதற்குப் பிறந்தநாள் கொண்டாடி அடிக்கிறார்கள்.

கோபுரம் முடிந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஊரில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1525இல் எட்டாம் ஹென்றி பிரான்சோடு போர் நடத்தப் பணம் வேண்டுமென்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமல், பொதுமக்களின் சொத்தில் ஆறில் ஒரு பங்கைக் கேட்டார். ஏற்பாடு செய்தவர் அரசரின் தலைமை அமைச்சர் கார்டினல் உல்சி. துணி வணிகர்கள் கைவிரித்தார்கள், இனிமேல் வேலை கொடுக்க முடியாது என்று நெசவாளர்களை அனுப்பினார்கள். சுற்று கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் லாவனத்தில் கூடிவிட்டார்கள். அடக்க வந்த நார்ஃபோக் பிரபு ‘உங்கள் தலைவன் யார்?’ என்று கேட்டார். ஜான் கிரீன் என்ற வயதான நெசவாளி முன்னால் வந்து, எங்கள் தலைவன் பெயர் வறுமை, அவனும் அவன் உறவுக்காரி இல்லாமையும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தார்கள் என்று சொன்னதாக அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. அரசர் வரியைக் கைவிட்டார், கூடியவர்களுக்கு மன்னிப்பும் கொடுத்தார். கோபுரத்தைப் பார்க்கும்போது ஸ்பிரிங்கின் குறியோடு அந்த நெசவாளியின் பதிலையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். கற்களுக்குக் காசு வந்தது அவன் தறியிலிருந்துதான்.

இனி வீடுகள். என் தொழில் என்பதால் இங்கே சற்று நேரம் நிற்பேன்.

இந்த வீடுகளைச் சுவர் என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. எலும்புக்கூடு என்று நினையுங்கள். தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்துக்குக் கல் அல்லது செங்கல் மேடை. அதன்மேல் படுக்கையாக ஓக் மர அடிக்கட்டை. அதில் நட்ட தூண்கள், நடுவில் குத்துக்கால்கள், மேலே உத்தரம், அதற்கும் மேலே கைமரங்கள். மூலைகளில் சாய்வாக முட்டு. எடை முழுவதையும் சுமப்பது இந்தச் சட்டம்தான். இடைவெளிகளை அடைப்பது வரிச்சு. ஹேசல் என்ற குறுமரத்தின் குச்சிகளை நிறுத்திப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து இரு பக்கமும் அப்பிவிடுவார்கள். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு.

ஓக்கை அவர்கள் உலர்த்திக் காத்திருந்து பயன்படுத்தவில்லை. வெட்டிய சில மாதங்களுக்குள், பச்சையாகவே செதுக்கினார்கள். உலர்ந்த ஓக்கில் உளி இறங்காது, அவ்வளவு கடினம். பச்சை ஓக் வெண்ணெய் இல்லை என்றாலும் கைக்கு வசப்படும். ஒரு கட்டையின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, மற்றதன் துளைக்குள் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்குவார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாக்கில் போடும் முளைத்துளையை மற்றத் துளைகளுக்கு நேராகப் போடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுவார்கள். முளையை அடித்து இறக்க இறக்க அது நாக்கை உள்ளே இழுக்கும். பிறகு மரம் உலர்ந்து சுருங்கினாலும் இணைப்பு விட்டுக்கொடுக்காது. இரும்பாணி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், அது இரும்பை அரிக்கும், மரத்திலும் கருநீலக் கறை ஏறும்.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் இந்தப் பச்சை மரத்தில்தான் இருக்கிறது. கட்டி முடித்த பிறகு பல ஆண்டுகள் அந்த மரம் உலர்ந்துகொண்டே இருந்தது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே நன்றாகச் சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. ஆகவே ஒவ்வொரு கட்டையும் தன் இழை போன போக்கில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. ஆனால் எல்லாக் கட்டையும் முளைகளால் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. ஒன்று வளைந்தால் மற்றது பகிர்ந்துகொள்ளும். செங்கல் சுவர் என்றால் விரிசல் விடும். இந்தச் சட்டமோ வளைந்து, சாய்ந்து, புது நிலையில் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாச் சாய்வும் மரத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் மனிதன் பின்னால் செய்தது. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி கட்டும் பழக்கம் வந்ததும், மரவீட்டின் நடுவே பல டன் செங்கலைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செங்கல் ஒரு வேகத்தில் மண்ணில் அமிழும், மரச்சட்டம் ஒரு வேகத்தில். கதவு வைக்கத் தடையாக இருக்கிறது என்று மூலை முட்டுக்கட்டையை அறுத்தவர்கள் உண்டு. அடிக்கட்டை ஒரு பக்கம் இற்று, வீடு அந்தப் பக்கம் இறங்கியதும் உண்டு. ஹை ஸ்ட்ரீட்டில் ‘கோணல் வீடு’ என்றே பெயர் பெற்ற ஆரஞ்சு நிற வீட்டைப் பார்ப்பீர்கள். இப்படிச் சாய்ந்த வீடு புதிதாகச் சாய்கிறதா, இல்லை முந்நூறு ஆண்டுக்கு முன் சாய்ந்து அப்படியே நிற்கிறதா என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் கேள்வி. பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியானால் நிமிர்த்தப் போகக் கூடாது. நிமிர்த்தினால் முந்நூறு ஆண்டாகப் பழகிய இணைப்புகள் கழன்றுவிடும்.

மேல்மாடி தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதற்குப் பல கதை சொல்வார்கள். தரைமட்ட இடத்துக்கு வரி, அதனால் மேலே நீட்டினார்கள் என்பது அடிக்கடி கேட்கும் கதை. நான் அதை நம்பவில்லை. வெளியே நீண்ட தளக்கட்டைகளின் நுனியில் மேல்மாடிச் சுவரின் எடை உட்காரும்போது, அறையின் நடுவே தளம் தொய்வது குறைகிறது. தராசு போல. அதோடு கீழ்ச்சுவருக்கு மழையிலிருந்து மறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீட்டிக் கட்ட மரம் அதிகம் வேண்டும், மரம் இருக்கிறது என்று காட்டுவது அந்தஸ்து. குத்துக்கால்களை நெருக்க நெருக்கமாக நட்டதும் அதற்காகத்தான். பலத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. இன்னொரு கதை, பழைய கப்பல்களை உடைத்த மரம் என்பது. லாவனம் கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கிறது. கப்பலின் வளைந்த சட்டம் வீட்டுக்கு ஒத்தும் வராது. உத்தரங்களில் காரணமில்லாமல் தெரியும் வெற்றுத் துளைகளைக் காட்டிச் சொல்வார்கள். அவை பெரும்பாலும் இன்னொரு வீட்டிலிருந்து பிரித்தெடுத்த மரத்தின் அடையாளம், இல்லையென்றால் அதே வீட்டில் முன்பு இருந்த சுவரின் தடம்.

பிரித்தெடுப்பது என்று சொன்னேன். சட்டம் முழுவதையும் தச்சர்கள் தங்கள் பட்டறை முற்றத்தில் தரையில் படுக்க வைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி, வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்தில் எழுப்புவார்கள். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று தெரிய, இணைப்பின் இரு பக்கமும் ரோமன் எண் போன்ற கோடுகளைக் கீறி வைப்பார்கள். நான்குக்கு நான்கு கோடுதான், புத்தகத்தில் போடுவது போல ஐந்தில் ஒன்று குறைத்து எழுத மாட்டார்கள். கட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் குழப்பம் வரும் அல்லவா, அதனால். ஒரு வீட்டின் மேல்தளத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அந்தக் கீறல்களைத் தேடியது நினைவிருக்கிறது. ஏழு என்ற எண்ணின் கடைசிக் கோட்டில் உளி வழுக்கி அரை அங்குலம் கூடப் போயிருந்தது. விரலை வைத்தால் அந்த வழுக்கல் விரலில் தட்டுப்பட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு தச்சனின் கை நழுவிய கணம்.

இந்த எண்கள் சும்மா அழகுக்கு இல்லை என்பதற்கு லாவனத்திலேயே சாட்சி இருக்கிறது. ஊரின் கம்பளி மண்டபம் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மாதா பெயரால் இயங்கிய ஒரு சங்கத்தின் கூடம். 1911இல் விக்டோரியா அரசியின் மகள் இளவரசி லூயிஸ் அதை வாங்கி, லண்டனுக்கு மேற்கே உள்ள ஆஸ்கட்டில் எழுப்புவதற்காகப் பிரித்தெடுத்துக் கொண்டுபோக ஏற்பாடானது. ஊரார் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்புக்கு இளவரசி இணங்கினார். மரங்கள் திரும்பி வந்தன, பழைய இடத்திலேயே பழையபடி எழுந்தன. இன்று அது ஸ்வான் ஓட்டலின் ஒரு பகுதி. (அந்த ஓட்டலின் மதுக்கூடச் சுவரில், இரண்டாம் உலகப்போரில் பக்கத்து விமானத்தளத்தில் இருந்த அமெரிக்க வீரர்கள் போட்ட கையெழுத்துகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கேட்டால் காட்டுவார்கள்.)

சந்தைத் திடலில் இருக்கும் சங்க மண்டபத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கார்பஸ் கிறிஸ்தி என்ற சமயச் சங்கம் 1529ஐ ஒட்டிக் கட்டியது. துணி வணிகர்களின் பக்திக்கும் விருந்துக்கும் பேரத்துக்கும் ஒரே கூரை. கட்டி இருபது ஆண்டுகூட ஆகவில்லை, 1547இல் இப்படிப்பட்ட சங்கங்களையே அரசு கலைத்துவிட்டது. பிறகு அது ஊர் மன்றமாக, சிறையாக, ஏழைகளை வேலை வாங்கும் விடுதியாக, கம்பளிக் கிடங்காக என்று கைமாறிக்கொண்டே வந்தது. பெருவணிகர்கள் விருந்துண்ட கூடத்தில் பின்னாளில் ஊரின் ஏழைகள் அடைந்து கிடந்தார்கள். 1951 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

ஏன் இந்தச் சரிவு? கால்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள் மெல்லிய, இலேசான, விலை குறைந்த துணி நெய்தார்கள். சந்தை அந்தப் பக்கம் போனது. லாவனத்தின் கனத்த நீலத்தைக் கேட்க ஆளில்லை. 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஊர் சுருண்டுவிட்டது. மற்ற ஊர்களில் பணக்காரர்கள் மரவீட்டை இடித்துச் செங்கல் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, இங்கே இடிக்கவும் காசில்லை. இருந்ததில் குடியிருந்தார்கள், ஒழுகினால் அடைத்தார்கள். ஓரளவு வசதி வந்தவர்கள் முகப்பை மட்டும் பூசி மாற்றினார்கள். ஆகவே தெருவிலிருந்து 18ஆம் நூற்றாண்டு போலத் தெரியும் வீட்டின் பக்கச் சந்துக்குள் எட்டிப் பார்த்தால் பழைய மரச்சட்டம் அப்படியே இருக்கும்.

ஆனால் வறுமைதான் காப்பாற்றியது என்று அதோடு நிறுத்துவது எனக்கு ஒப்புதல் இல்லை. வறுமையால் இடிந்து போன மரவீடுகள் எத்தனையோ. 20ஆம் நூற்றாண்டில் தெரிந்தே செய்த வேலைகளும் உண்டு. கேயர் ஆண்டர்சன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1920களிலும் 30களிலும் லிட்டில் ஹால் என்ற 14ஆம் நூற்றாண்டு வீட்டை மீட்டெடுத்தார்கள். 1960களில் மின்கம்பிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் மண்ணுக்கடியில் புதைத்தார்கள்; உங்கள் படங்களில் கம்பமே விழாததற்கு அதுதான் காரணம். இன்று ஊரில் 300க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் ஒரு ஜன்னலை மாற்றினாலும் குற்ற வழக்கு வரலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓக்கின் வைரம் பாய்ந்த பகுதி உலர்வாக இருக்கும்வரை எதற்கும் அசையாது. புழு முதலில் அதைச் சுற்றியுள்ள இளம் வெளிமரத்தைத்தான் தின்னும். வைரத்துக்கு உள்ள ஒரே எதிரி, போக வழியில்லாமல் தங்கும் ஈரம். பழைய சுண்ணாம்பும் மண்ணும் மழையைக் கொஞ்சம் குடிக்கும், காற்றடித்தால் திருப்பி விட்டுவிடும். மரம் அசையும்போது தானும் மயிரிழை விரிசல்களாகப் பிளந்து, அடுத்த ஆண்டு வெள்ளையடிக்கும்போது மூடிக்கொள்ளும். சிமெண்டுக்கு இந்தக் குணம் இல்லை. மரம் அசையும், சிமெண்ட் அசையாது. இடையில் வெடிப்பு விழும். வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியே வராது.

சில ஆண்டுகளுக்கு முன், லாவனத்துக்கு அப்பால் ஒரு கிராம வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியே வழவழவென்று சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட், பார்க்கக் குறையே இல்லை. முன்னறையில் தரையோரம் ஒரு வாடை, அவ்வளவுதான். வீட்டுக்காரப் பாட்டி ‘பூஞ்சை வாடை மாதிரி இருக்கிறது, மற்றபடி சுவர் உறுதிதான்’ என்றார். விரல் முட்டியால் தட்டினேன், தொப்பென்று சத்தம். பூச்சை ஒரு முழம் அகலத்துக்குப் பெயர்த்தோம். அடிக்கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பாக, தேநீரில் ஊறிய ரொட்டி போல ஒன்று இருந்தது. கையால் அள்ளினேன், வந்துவிட்டது. பூச்சு போட்டு ஐம்பது ஆண்டுக்குள் நடந்தது இது. அதற்கு முன் நானூறு ஆண்டு அதே கட்டை அதே மழையில் நின்றிருக்கிறது. பூசியவர் நல்ல எண்ணத்தோடுதான் பூசியிருப்பார், அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டை முட்டுக்கொடுத்துத் தாங்கி, இற்ற பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, பச்சை ஓக்கில் புதுத் துண்டு செதுக்கி, பழைய கட்டையோடு கொக்கி போட்டாற்போல் இணைத்தோம். வரிச்சு பின்னி, மண் அப்பி, முடி கலந்த சுண்ணாம்புச் சாந்து பூசி, மெல்லிசாக ஐந்து முறை வெள்ளையடித்தோம். மறு வசந்தத்தில் போனபோது வாடை இல்லை.

வெள்ளை என்றதும் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்று நாம் நினைக்கும் தோற்றம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனை. சஃபோக்கில் மரத்துக்கும் சுவருக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடிப்பதுதான் பழக்கம். சங்க மண்டபத்தின் மரங்கள் கறுப்பாக இல்லாமல் சாம்பல் வெள்ளையாக இருப்பதைக் கவனியுங்கள். பல வீடுகளின் இளஞ்சிவப்பு, சுண்ணாம்பில் செம்மண் நிறமி கலந்தது. காளை ரத்தம் கலந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நிறத்தைத் தந்தது மண்தான்.

போகும் வழி: லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி, மார்க்ஸ் டேயில் மாறி, சட்பரியில் இறங்குங்கள், அங்கிருந்து பேருந்து. லாவனத்தின் சொந்த ரயில் பாதையை 1960களில் மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்ப வேண்டாம், வார நாளில் போங்கள். காலையில் தேவாலயம், பிறகு இறங்கி வாட்டர் ஸ்ட்ரீட். தெருவின் பெயருக்குக் காரணமான ஓடை இப்போதும் காலடியில் செங்கல் கால்வாயில் ஓடுகிறது. லேடி ஸ்ட்ரீட் திருப்பத்தில் வளைவு வைத்த பழைய கடை ஜன்னல்கள் இருக்கின்றன, பலகையைத் திறந்து அதிலேயே சரக்கு வைத்து விற்றது. லிட்டில் ஹாலுக்குள் போனால் மேலே பாருங்கள்: தளக்கட்டைகள் அகலப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்திருந்தால் அது பழைய வேலை, நிறுத்தி வைத்திருந்தால் பிந்தியது. ஜன்னலின் மேல்சட்டத்து அடிப்பக்கத்தில் சாய்சதுரக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால், கண்ணாடி வருவதற்கு முன் அங்கே மரக்கம்பிகள் நின்றன என்று அர்த்தம்.

மாலையில் சந்தைத் திடலுக்குத் திரும்பி வாருங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் மரத்தில் உளி பட்ட தடங்களும் முளைத் தலைகளும் நிழல் விட்டுத் தெரியும். சங்க மண்டபத்தின் ஒரு மூலைத்தூண் அருகே நின்று முளைகளை எண்ணிப் பாருங்கள். சில அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரம் மறுபடி சுருங்கினால் இன்னும் ஓர் அடி அடிக்கலாம் என்று அப்படியே விட்டு வைத்தது.